கிரீட்டின் சிவப்பு ஒயினுக்கு எத்தனை வயது?

கிரீட் தீவின் தலைநகரான ஹெராக்லியோனுக்குத் தெற்கே, அர்ஹானெஸ், பெசா என்ற ஊர்களைச் சுற்றிய குன்றுச் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றின் நடுவே வாதிபெத்ரோ என்ற இடத்தில் மினோவர் காலத்து மாளிகை ஒன்றின் இடிபாடு இருக்கிறது. தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாடோஸ் 1949இல் அங்கே அகழாய்வைத் தொடங்கியபோது, திராட்சையை மிதித்துச் சாறு எடுக்கும் அமைப்பு ஒன்று வெளிப்பட்டது. அதற்குச் சுமார் 3,500 ஆண்டு வயது. இன்று அதே சரிவுகளில் விளையும் கொட்சிஃபாலி, மந்திலாரி என்னும் இரண்டு உள்ளூர்த் திராட்சைகளைக் கலந்து ஒரு சிவப்பு ஒயின் செய்கிறார்கள். அதில் ஒரு பகுதி மரப்பீப்பாயிலும் பாட்டிலிலும் பல ஆண்டுகள் முதிர்ந்த பிறகே சந்தைக்கு வருகிறது. மினோவர் தொட்டியும் முதிர்ந்த பாட்டிலும் ஒரே நிலத்தில் இருப்பதால், இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்து ‘நாலாயிரம் ஆண்டு மரபு’ என்று சொல்லிவிடுவது எளிது. அந்தக் கோடு ஓரிடத்தில் அறுந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கிரேக்கத் தீவுகளில் ஒயின் பழையது, ஒயினை முதிரவிடும் வழக்கமும் பழையது. ஆனால் இனிப்பேற்றாமல், காற்றில் பழுப்பாக்காமல், சிவப்பாகவே வைத்து முதிர்விக்கும் ஒயின் அங்கே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்புதான் உருவானது.

இரண்டு திராட்சைகளின் இயல்பிலிருந்து தொடங்குவதே முறை, ஏனென்றால் வரலாற்றின் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கொட்சிஃபாலி சர்க்கரை மிகுந்த பழம். அதன் சாறு நொதித்தால் ஆல்கஹால் எளிதாக 13, 14 சதவீதத்தைத் தொட்டுவிடும். மணம் நிறைய உண்டு, வாயில் மெத்தென்று இருக்கும். ஆனால் நிறம் தங்காது. சில ஆண்டுகளிலேயே வெளிறிச் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். மந்திலாரி இதற்கு நேர்மாறு. தோல் தடிப்பு, சாயம் கருமை, துவர்ப்பு கடுமை. ஆனால் பருவம் பிந்திப் பழுத்தாலும் சர்க்கரை போதிய அளவு ஏறாது. தனியாக ஒயின் ஆக்கினால் பெரும்பாலும் நிறமும் முரட்டுத்தனமும் மட்டும் மிஞ்சி, உடல் மெலிந்த பானமாகிவிடும். பச்சைக் கொட்டைப்பாக்கை மென்றவர்களுக்கு அந்தத் துவர்ப்பை விளக்க வேண்டியதில்லை. இதே மந்திலாரியை ரோட்ஸ் தீவில் அமோர்கியானோ என்கிறார்கள். அமோர்கோஸ் தீவிலிருந்து வந்தது என்பது அந்தப் பெயரின் பொருள். ஈஜியன் கடலின் தீவுகளெங்கும் இது பரவியதற்குக் காரணம் இதன் சுவை என்று சொல்வதற்கில்லை. எந்த மெலிந்த சாற்றுக்கும் கருஞ்சிவப்பு ஏற்றிக் கொடுக்கும் சாயக்காரப் பழம் என்பதால்தான் இது பரவியது.

இந்த இரண்டும் சேரும்போது நடப்பது வெறும் சராசரி அல்ல. சிவப்பு ஒயினின் நிறம் ஆந்தோசயனின் என்னும் சாயப்பொருளால் வருகிறது. நாவல் பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் தருவது அதே குடும்பத்துப் பொருள்தான். தனியாக விட்டால் அது நிலைக்காது. சில மாதங்களிலும் ஆண்டுகளிலும் சிதைந்துகொண்டே போகும். ஆனால் அருகில் போதிய டானின், அதாவது துவர்ப்புப் பொருள், இருந்தால் சாயமும் துவர்ப்பும் மெல்ல ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. அப்படிப் பிணைந்த நிறம் எளிதில் வெளிறாது. பிணைந்தும் உருமாறியும் போன டானின் நாக்கை இறுக்குவதும் குறைகிறது; ஒரு பகுதி வண்டலாகப் பாட்டிலின் அடியில் தங்கிவிடுகிறது. இந்தப் பிணைப்புக்குச் சிறிதளவு ஆக்சிஜன் வேண்டும், பீப்பாயின் மரமும் பலகை இடுக்குகளும் அதைத் துளித்துளியாகக் கசியவிடுகின்றன. அளவு மீறினால் ஒயின் பழுத்துப் பழுப்பாகும். முற்றிலும் இல்லையென்றால் வேலை மந்தமாகும். ஆக, முதிர்வு என்பது மந்திலாரியின் முரட்டுத்தனத்தைக் காலத்திடம் கொடுத்து, அதற்குப் பதிலாகக் கொட்சிஃபாலிக்கு நிலைத்த நிறத்தை வாங்கிக்கொள்ளும் ஒரு பண்டமாற்று. தனித்தனியாக இரண்டுக்கும் அந்த ஆற்றல் குறைவு. இந்தச் சேர்க்கையைக் கண்டுபிடித்தவர் யாருமில்லை என்றே சொல்ல வேண்டும். மத்திய தரைக்கடல் விவசாயி ஒரே வயலில் பல வகைக் கொடிகளைக் கலந்து நடுவது பழைய பழக்கம். ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற கணக்கு அது. ஒயின் முதிர வேண்டும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

முதல் மறுப்பு ஹோமரிடமிருந்து வரும். ஒடிஸியின் மூன்றாம் காண்டத்தில் நெஸ்டர் தன் விருந்தாளிகளுக்காகப் பதினோராம் ஆண்டில் திறக்கப்பட்ட ஒயினைக் கலக்குகிறான். ஒன்பதாம் காண்டத்தில் மாரோன் கொடுத்த ஒயின் சிவப்பு நிறமுடையது. அப்படியானால் முதிர்ந்த ஒயின், சிவப்பு ஒயின் இரண்டுமே அங்கே இருந்திருக்கின்றனவே? இருந்தன, ஆனால் எப்படிப்பட்டவை என்பதையும் அதே வரிகள் சொல்கின்றன. நெஸ்டரின் ஒயினும் மாரோனின் ஒயினும் இனிப்பானவை. மாரோனுடையது தேன்போல் இனிப்பது. ஒரு கிண்ணத்துக்கு இருபது பங்கு தண்ணீர் சேர்த்துக் குடிக்கும் அளவுக்கு அடர்த்தியானது. கவிஞனின் மிகை என்று தள்ளினாலும் திசை தெளிவாகவே தெரிகிறது. சர்க்கரையும் அடர்த்தியுமே அந்த ஒயினைக் கெடாமல் வைத்தன. பிற்காலச் சான்றுகளும் இதையே சொல்கின்றன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமானியர் கேட்டோ, கோஸ் தீவு ஒயினைப் போலச் செய்வதற்கு ஒரு செய்முறை எழுதி வைத்திருக்கிறார். அறுவடைக்கு 70 நாள் முன்பே, காற்றில்லாத நாளில், ஆழ்கடலிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து தெளியவைத்து, அதை ஒயினில் சேர்க்க வேண்டும். உப்பு இங்கே காப்புப் பொருள்.

இந்தக் கோஸ் ஒயினுக்கும் தமிழகத்துக்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த, பின்னர் விமலா பெக்லி மீண்டும் ஆராய்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடி ஓடுகளில், எலிசபெத் லைடிங் வில் செய்த ஆய்வின்படி, கோஸ் வகைச் சாடிகளே மிகுதி; ரோட்ஸ் சாடிகளும் உண்டு. கோஸ் வடிவத்தை இத்தாலியிலும் நகலெடுத்தார்கள் என்பதால் ஓடு ஒவ்வொன்றையும் அந்தத் தீவோடு கட்டிவிட முடியாது. ஆயினும் மாதக்கணக்கில் கப்பலேறி, வெயிலில் வெந்து, வங்கக் கடற்கரைவரை வந்து சேரக்கூடிய ஒயின் எது என்ற கேள்விக்கு விடை அந்த வடிவத்திலேயே இருக்கிறது. கடல்நீர் கலந்த ஒயின்தான் அது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் வரும் யவனர் மது எந்தத் தீவினுடையது என்று யாரும் சான்று காட்ட முடியாது. ஆனால் அது இன்றைய பெசா ஒயினைப் போன்ற உலர்ந்த சிவப்பாக, அதாவது சர்க்கரை எல்லாம் நொதித்துத் தீர்ந்ததாக, இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்படிப்பட்ட ஒயின் அந்தப் பயணத்தில் காடியாகியிருக்கும்.

பின்வந்த நூற்றாண்டுகள் இதே தர்க்கத்தை விரிவாக்கின. வெனிஸ் ஆட்சியில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1669இல் கண்டியா நகரம் ஒட்டோமானியரிடம் வீழும்வரை, கிரீட் ஐரோப்பாவுக்கு அனுப்பிப் பெயர் வாங்கியது மால்வாசியா என்னும் இனிப்பு ஒயின். பழத்தை வெயிலில் உலர்த்திச் சர்க்கரையைச் செறிவாக்கும் முறை தீவுகளெங்கும் உண்டு: சாந்தோரினியின் வின்சாந்தோ, கிழக்குக் கிரீட்டில் லியாத்திகோ பழத்தின் இனிப்பு ஒயின். பவேரியாவிலிருந்து வந்த குஸ்தாவ் கிளவுஸ் 1861இல் பட்ராஸ் அருகே நிறுவிய ஆலை மவ்ரோதாஃப்னி என்ற கரும்பழத்தைப் புகழ்பெறச் செய்தபோதும், அதைச் சாராயம் சேர்த்த இனிப்பு ஒயினாகத்தான் செய்தது. கெஃபலோனியா தீவிலும் அதே பழம், அதே முறை. கருஞ்சிவப்புப் பழங்களில் இனிப்பாகாதவை எங்கே போயின? பெரும்பாலும் அந்த ஆண்டே ஊரில் குடித்துத் தீர்ந்தன, அல்லது பீப்பாய் பீப்பாயாக வெளியூருக்குப் போய் மற்றவர்களின் வெளிறிய ஒயினுக்கு நிறமூட்டின. மந்திலாரிக்கு வாய்த்தது பெரும்பாலும் இந்தக் கூலிவேலைதான்.

இதுவரை சொன்னதற்கு எதிராக நிறுத்தக்கூடிய மிக வலுவான சான்று மேற்குக் கிரீட்டில், ஹானியா வட்டாரத்தில் இருக்கிறது. அங்கே ரொமேய்கோ என்ற பழத்திலிருந்து மரூவாஸ் என்னும் ஒயின் செய்கிறார்கள். இது ஆலைச் சரக்காகப் பிறந்ததல்ல, வீட்டு ஒயின். பெரிய பழைய பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பழையதோடு புதியதைச் சேர்ப்பதும் உண்டு. இனிப்பேற்றுவதில்லை. வெளியூர் நிபுணர் யாரும் கற்றுக்கொடுத்ததுமில்லை. ஆக, தீவில் உலர்ந்த ஒயினை முதிர்விக்கும் மரபு இருந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் மரூவாஸைக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்தால் அது அம்பர் நிறம் அல்லது பழுப்பு. மணம் உலர்ந்த கொட்டைகளையும் ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயினையும் நினைவூட்டுவது. ரொமேய்கோவில் சர்க்கரை மிகுதி, நிறம் சீரற்றது. உயர்ந்த ஆல்கஹால் அதைக் காடியாகாமல் தாங்க, காற்று அதன் நிறத்தையும் பழமணத்தையும் எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுக்கிறது. இது குறையல்ல, தனி அழகுள்ள ஒயின். எனினும் என் வாதத்தை இது உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. மரபு முதிர்வுக்குச் சிவப்பை விலையாகக் கொடுத்தது. உப்போ இனிப்போ காற்றோ, ஏதோ ஒன்று ஒயினைக் காத்தது. அந்தக் காவலில் அது சிவப்பு ஒயினாக இருப்பதை விட்டுவிட்டது. தமிழில் ‘தேறல்’ என்ற சொல் தெளிந்த கள்ளைக் குறிக்கும். தேறுதல் என்றால் தெளிதல். மரூவாஸ் தேறிய ஒயின் என்றால் பொருந்தும். பெசாவின் முதிர்ந்த பாட்டிலுக்கு அந்தச் சொல் முழுக்கப் பொருந்தாது, அங்கே காலம் செய்வது வேறு வேலை.

அந்த வேறு வேலைக்குத் தேவைப்பட்டவை இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் ஒன்றுசேர்ந்தன. நொதிக்கும்போது தொட்டி சூடேறாமல் குளிர்விக்க மின்சாரம் வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பர் வெயிலில் அறுவடை நடக்கும் தீவுகளில் இது சிறிய விஷயமல்ல. சுத்தமான எஃகுத் தொட்டி வேண்டும், தக்கை அடைத்த பாட்டில் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்காமல் மூன்று நான்கு ஆண்டுகள் சரக்கைக் கிடங்கில் வைத்திருக்கும் பணபலம் வேண்டும். 1933இல் தொடங்கிய பெசா கூட்டுறவுச் சங்கத்தைப் போன்ற அமைப்புகள் சிறு விவசாயிகளின் பழத்தை ஒன்றாகச் சேர்த்தன. 1971 முதல் கிரேக்க அரசு ஒயின்களுக்குப் புவிசார் குறியீடு வழங்கத் தொடங்கியது. ஏதென்ஸ் ஒயின் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஸ்தாவ்ரூலா குராக்கூ-திராகோனா அந்தச் சட்ட அமைப்பின் சிற்பி. எந்த ஊரில், எந்தப் பழத்தை, எதனோடு கலக்கலாம் என்பதை அது வரையறுத்தது. விவசாயியின் காப்பீட்டுக் கணக்கிலிருந்து வந்த கொட்சிஃபாலி-மந்திலாரிக் கலப்பு, அப்போதுதான் ஒரு ஒயினின் இலக்கணமாயிற்று. முதிர்வுக்கும் சட்டப் பெயர்கள் வந்தன. குறியீடு பெற்ற சிவப்பு ஒயின் ‘கிராண்ட் ரிசர்வ்’ என்று எழுதிக்கொள்ள நான்கு ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும். குறியீடு இல்லாத ஊர்களின் சிவப்பு ஒயின் மூன்று ஆண்டுகள் முதிர்ந்தால் ‘காவா’ என்று போட்டுக்கொள்ளலாம் (ஸ்பெயினின் நுரை ஒயினுக்கும் இதே பெயர் உண்டு, இரண்டுக்கும் உறவில்லை). முதிர்வுக்குச் சட்டம் ஆண்டுக் கணக்கு விதித்தது என்பதே, அது அந்த மண்ணில் தானாக நடந்துகொண்டிருந்த வழக்கமல்ல என்பதற்கு ஒரு சாட்சி.

அதே சட்டத்தின் மௌனங்கள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. மஸ்கட், மவ்ரோதாஃப்னி இனிப்பு ஒயின்களுக்கு ஒரு தனி வகுப்பும் பாட்டில் வாயில் நீல நாடாவும். உலர்ந்த ஒயின்களுக்கு வேறு வகுப்பு, சிவப்பு நாடா. கெஃபலோனியாவில் உலர்ந்த மவ்ரோதாஃப்னி செய்தவர்கள் தங்கள் பழத்தின் பெயரில் இருக்கும் உயர்ந்த குறியீட்டைப் பயன்படுத்த முடியாமல், பரந்த வட்டாரக் குறியீட்டோடு நெடுங்காலம் விற்க வேண்டியிருந்தது. சாந்தோரினியின் குறியீடு வெள்ளை ஒயினுக்கும் வின்சாந்தோவுக்கும் மட்டுமே. அந்தத் தீவின் சிவப்பு ஒயின்கள் ‘சைக்ளடீஸ்’ என்ற பொதுப் பெயரில் போகின்றன. சட்டம் எழுதியவர்கள் கண்ணெதிரே இருந்த மரபைத்தான் பதிவுசெய்தார்கள். அந்த மரபு இனிப்பு மரபு. பாரோஸ் தீவு ஒரு விசித்திர விலக்கு. அங்கே மந்திலாரியோடு மொனெம்வாசியா என்னும் வெள்ளைப் பழத்தைச் சேர்த்து நொதிக்கவைத்த சிவப்பு ஒயினுக்கே குறியீடு கிடைத்தது. துவர்ப்பைத் தணிக்க அங்கே கொட்சிஃபாலி கிடையாது, கையில் இருந்தது வெள்ளைப் பழம். தீவுகளின் சிவப்பு ஒயின் இல்லாமையிலிருந்து எப்படி வடிவம் பெறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இங்கே இன்னொரு மறுப்பு எழும். தொழில்நுட்பம் வெளியிலிருந்து வந்தது, முதிர்வின் இலக்கணம் பிரான்ஸின் போர்தோவிலிருந்து வந்தது. பிறகு ‘மண்ணின் திராட்சை’ என்பது விற்பனை முழக்கம்தானே? இந்த ஐயத்துக்கு இடமுண்டு. ஹல்கிதிகித் தீபகற்பத்தில் கப்பல் அதிபர் யானிஸ் கரஸ் தொடங்கிய பெருந்தோட்டத்துக்கு ஆலோசகராக வந்தவர் போர்தோவின் எமீல் பெய்னோ. லெம்னோஸ் தீவின் பெயரையே தாங்கிய லிம்னியோ திராட்சை அங்கே கபெர்னேயோடு சேர்ந்து பெயர் பெற்றது. லெம்னோஸிலோ இன்று மஸ்கட்தான் பெருமளவு. கிரீட்டிலும் 1970களில் ஃபைலாக்சிரா வேர்ப்பூச்சி புகுந்து கொடிகள் அழிந்தபோது, மீள்நடவில் சிரா, கபெர்னே போன்ற பிரெஞ்சு வகைகளுக்கும் இடம் கிடைத்தது. சிராவும் கொட்சிஃபாலிக்கு நிறம் கொடுக்கும், மந்திலாரியைவிட இதமாகவே கொடுக்கும். அப்படியிருக்க மந்திலாரிக்காக வாதாடுவது வெறும் பற்றுதலா? பற்றுதலை நான் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. வெப்பத் தீவில் பெரும்பாலான பழங்கள் துவர்ப்பு முற்றும் முன்பே சர்க்கரையில் பொங்கிவிடுகின்றன. ஒயின் 15 சதவீத ஆல்கஹாலோடு கனத்துப்போகிறது. மந்திலாரி பிந்திப் பழுத்தும் சர்க்கரையை அடக்கியே வைக்கிறது. நூறாண்டுகளுக்கு முன் குறையாகப் பட்ட இந்தக் குணம், கோடை ஆண்டுதோறும் கடுமையாகிவரும் இன்று கலப்பின் சமநிலையைக் காக்கும் குணமாகிவிட்டது. தொழில்நுட்பம் இடம்பெயரக்கூடியது, ஆனால் அது எதன்மேல் வேலை செய்ய வேண்டும், எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதைப் பழமே தீர்மானிக்கிறது. கொட்சிஃபாலியைப் போர்தோ பாணியில் புதிய ஓக் பீப்பாயில் நீண்டநாள் அடைத்தால் மரவாசம் மட்டுமே மிஞ்சும் என்பதைக் கற்றுக்கொள்வதற்கு அந்தப் பாணியின் பாடநூல் உதவாது.

என் வாதத்துக்கு உள்ளேயே ஒரு முள் இருக்கிறது, அதை மறைப்பது சரியல்ல. கிழக்குக் கிரீட்டின் சிதியா குறியீட்டில் உலர்ந்த சிவப்பு ஒயினுக்கு விதி: 80 சதவீதம் லியாத்திகோ, 20 சதவீதம் மந்திலாரி. லியாத்திகோ என்ற பெயர் ஜூலை மாதத்திலிருந்து வந்தது. சீக்கிரம் பழுக்கும் பழம். கொட்சிஃபாலியைவிடவும் வெளிறியது, ஆரஞ்சுச் சாயல் விரைவில் ஏறுவது. ஆனால் கடல் மட்டத்துக்குச் சுமார் 600 மீட்டர் மேலே ஸீரோஸ் பீடபூமியில் யானிஸ் எகோனோமூ செய்யும் லியாத்திகோ, அறுவடைக்குப் பத்தாண்டுக்கு மேலும் காத்திருந்து வெளியிடப்பட்டு, உயிர்ப்போடு இருப்பதாக உலகெங்கும் மதிக்கப்படுகிறது. சிவப்பு தங்காத பழம் முதிர்கிறதென்றால், நிறத்தின்மேல் நான் கட்டிய கோட்பாடு என்னாவது? திருத்திக்கொள்ள வேண்டியதுதான். காக்கப்பட வேண்டியது சாயம் என்பதைவிட, பழத்தின் மணத்தைத் தாங்கிநிற்கும் துவர்ப்பு, புளிப்பு என்னும் எலும்புக்கூடு என்பதே சரி. லியாத்திகோவுக்கு நிறம் குறைவு, எலும்பு உண்டு. இத்தாலியின் நெபியோலோவை அறிந்தவர்களுக்கு இது புதிரல்ல. எகோனோமூவும் அந்தப் பழம் விளையும் பீட்மாண்ட் பகுதியில் வேலை பார்த்தவர்தான். ஆனால் ஒன்று: அவருடைய ஒயினும் பழைய இனிப்பு மரபிலிருந்து விலகியே நிற்கிறது, மரூவாஸைப் போலப் பழுப்பாகவும் இல்லை. அரை நூற்றாண்டு என்ற கணக்கு இதனால் நீளவில்லை.

இந்த இளமைக்கு ஒரு நடைமுறை விளைவு உண்டு. பர்கண்டியிலும் போர்தோவிலும் ஒரு தோட்டத்தின் அறுபது, எழுபது ஆண்டுப் பாட்டில்களைத் திறந்து பார்த்து, அந்த மண் எவ்வளவு காலம் தாங்கும் என்று பேச முடியும். கிரீட்டில் அப்படிப்பட்ட பாட்டில் வரிசை இல்லை. பெசா, அர்ஹானெஸ் ஒயின்களில் பெரும்பகுதி இன்றும் இளமையிலேயே விற்றுப்போகிறது. சுற்றுலாப் பயணி கோடையில் கேட்பது குளிர்ந்த வெள்ளை ஒயினை. 1988இல் ஐரோப்பியச் சமூகம் கொடிகளைப் பிடுங்குவதற்கு ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கியபோது, அதிகம் விளையாத மூத்த கொடிகளை வைத்திருப்பதைவிடப் பிடுங்குவதே பல தீவு விவசாயிகளுக்குக் கட்டுபடியானது. நல்ல முதிர்ந்த ஒயினுக்கு மூத்த கொடி எவ்வளவு உதவும் என்று தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பார்களா என்று கேட்பதில் பயனில்லை. அப்போது அப்படிப்பட்ட ஒயினே அரிது.

சாந்தோரினியில் கதை இன்னும் இளையது. எரிமலைச் சாம்பல் மண்ணில் ஃபைலாக்சிரா வாழ முடியாததால் அங்கே கொடிகள் இன்றும் சொந்த வேரிலேயே நிற்கின்றன. காற்றுக்கு அஞ்சிக் கூடைபோல் வளைத்து நிலத்தோடு வளர்க்கிறார்கள். மவ்ரோத்ராகனோ என்ற கரும்பழம் அந்த வெள்ளைத் திராட்சைத் தோட்டங்களுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டும் எஞ்சி, வீட்டுக்கான இனிப்பு ஒயினில் போய்க்கொண்டிருந்தது. 1990களின் பிற்பகுதியில் ஹரிதிமோஸ் ஹட்ஸிதாகிஸும் பாரிஸ் சிகாலாஸும் அதைத் தேடிச் சேர்த்து, தனியாக, உலர்ந்த சிவப்பு ஒயினாக்கி ஓக்கில் வைத்தார்கள். நிறமும் துவர்ப்பும் புளிப்பும் ஒருசேர உள்ள பழம் அது. கலப்புக்குத் துணை தேடவும் தேவைப்படவில்லை. ஹட்ஸிதாகிஸ் 2017இல் மறைந்தார். அவர் கையால் செய்த முதல் மவ்ரோத்ராகனோ பாட்டில்கள் எங்காவது திறக்கப்படாமல் இருந்தால், அவற்றுக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை.